காப்பு நூல் சிவந்த காலை

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக ஆஸ்பத்திரிப் பாட்டில்களைச் சலவைச் சோடாவில் கழுவிய விரல்கள் இவை. நுனியெல்லாம் தடித்துவிட்டது. பேனாவைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்பதே பார்த்தால்தான் தெரிகிறது. பிழைகளும் இருக்கும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றும் எனக்குத் தடுமாறும். பேச்சும் வராது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்தச் சங்கதியை இத்தனை வருடமாக நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்தது பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் கலவை அறையில். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அப்போது இருந்தவர்களில் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். கலவை அறை என்றால் ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் சிமெண்டுத் தொட்டி. பாட்டில் கழுவுவது, தண்ணீர் காய்ச்சி வடிகட்டுவது, ரப்பர் குழாய்களை வேகவைப்பது, இவைதான் என் வேலை. உப்புத் தண்ணீர் கலப்பது வேறொருவர் வேலையாக இருந்தது. அவர் பட்டர்வொர்த் பக்கம் மாற்றலாகிப் போனார். அடுத்த ஆள் வரவில்லை. தராசு என் கைக்கு வந்தது.

பக்கத்து அறையில் டிரஸ்ஸர், அதாவது டாக்டருக்குக் கீழே காயம் கட்டி மருந்து கொடுப்பவர், பாடம் நடத்துவார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஆறேழு வயது இளையவர், இங்கிலீஷ் படித்தவர். டிரஸ்ஸர் வேலைக்குப் பழகிய நாலைந்து பேர் அவர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் இங்கிலீஷில் சொல்வார். பிறகு முகங்களைப் பார்ப்பார் போலும். கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. அப்புறம் அதையே தமிழில் சொல்வார். இரண்டு அறைக்கும் நடுவே பலகைச் சுவர், மேலே ஓர் அடி இடைவெளி. தமிழில் சொன்ன அந்த இரண்டாவது பாடம்தான் என் படிப்பு. அந்த நேரத்தில் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் கழுவப் பழகிக்கொண்டேன்.

மனிதன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்று அங்கேதான் கேட்டேன். அதுவும் வெறும் தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். கண்ணீர், வியர்வை, இரத்தம் மூன்றும் கரிப்பது அதனால்தான். இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சிவப்பு மணிகள் மிதக்கின்றன. வெறும் தண்ணீரை இரத்தத்தில் விட்டால் அந்த மணிகள் ஊறி உப்பி வெடித்துவிடும். உப்பு மிதமிஞ்சிப் போனால் ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சை சுருங்குவதுபோலச் சுருங்கிவிடும். எலுமிச்சை உதாரணம் டிரஸ்ஸர் சொன்னதில்லை. அவர் ஏதோ இங்கிலீஷ் வார்த்தை சொன்னார். எலுமிச்சை என்னுடையது.

இன்னொன்றும் கேட்டேன். பொருள்களில் புளிப்புப் பக்கம் என்று ஒன்று, சுண்ணாம்புப் பக்கம் என்று ஒன்று உண்டு. வயிற்றில் ஊறும் நீர் கடும் புளிப்பு. இரத்தமோ சுண்ணாம்புப் பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்து நிற்கும். அந்த மயிரிழையிலிருந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் ஆள் பிழைப்பது கஷ்டம். நாம் விடும் மூச்சும் கழிக்கும் சிறுநீரும் ராப்பகலாக அந்த இடத்தைக் காவல் காக்கின்றன. இதைக் கேட்ட அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது என் மூச்சை நானே கவனித்துக்கொண்டு போனேன். எனக்குள் இப்படி ஒரு வேலை நடக்கிறது, அதற்கு நாலாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்ற பேதம் இல்லை என்று நினைத்தபோது சந்தோஷமாக இருந்தது.

உப்புத் தண்ணீர் கலப்பதில் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. எடை போட்டுக் கரைத்ததும், காய்ச்சுவதற்கு முன், ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். சாதாரண நோயாளிக்கு என்றால் கண்ணீரின் கரிப்பு இருக்க வேண்டும். வாந்திபேதிக்காரருக்கு என்றால் அதைவிட ஒரு படி கூடுதல். டிரஸ்ஸர் ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டார்.

"தராசு இருக்கேக்கை நாக்கு என்னத்துக்குக் காணும்? உமக்கென்ன, இது உங்கட வீட்டு ரசமே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனதுக்குள் மட்டும் பதில் சொன்னேன்: தராசு எடையைச் சொல்லும், தட்டில் இருப்பது என்ன பொருள் என்று சொல்லாது. பினாங்கு ஈரத்தில் லேபிள்கள் ஒரு மாதம் நிற்காது. பசை விட்டுப்போய்ப் பூச்சி தின்றுவிடும். உப்பும் வெள்ளை, சோடாவும் வெள்ளை. ஆகவே என் நாக்குதான் லேபிள்.

ஆஸ்பத்திரி வாசலில் மத்தியானம் சோறு விற்க ஒருவர் வருவார். காவடித் தண்டுபோல ஒரு மூங்கிலைத் தோளில் வைத்து, ஒரு பக்கம் சோற்றுக் கூடை, மறுபக்கம் குழம்புப் பானைகள். நாசி கண்டார் என்று இங்கே சொல்வோம். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். நாங்கள் எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்போம். காலையில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விற்றுவிட்டு எங்கள் பக்கம் வருவார். பெரிய குரல். அவர் வாய் ஓய்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அவர் வைத்த பெயர் ஊமைத்தம்பி.

"ஏய் ஊமைத்தம்பி, குழம்பு போதுமா, இன்னும் ஊத்தவா? தலைய ஆட்டுனா எனக்கு எப்படிலா தெரியும்? மாடுகூட ம்மாங்குது!"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கேலி செய்துகொண்டே கேட்காத ஒரு கரண்டி குழம்பை ஊற்றுவார்.

ஒரு நாள் துறைமுகத்து ஆள் ஒருவர், "என்னா நானா, உப்பு அள்ளிப் போட்டுட்டியா?" என்று சண்டைக்கு நின்றார்.

"நீ மூட்டை தூக்குறவன்தானே? சட்டையக் கழட்டி முதுகப் பாரு, எம்புட்டு உப்பு பூத்திருக்குன்னு. வெளிய போனது உள்ள வர வேணாமா? ஆபீஸ்ல உக்காந்திருக்கிற கிராணிக்கு வேற பானை வச்சிருக்கேன். உனக்கு இதான்."

டிரஸ்ஸர் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன அதே பாடம். நானாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அந்த வருடம் தை மாதத்தில் வாந்திபேதி வந்தது. ஆஸ்பத்திரியின் பின்புறம் அத்தாப்பு ஓலை வேய்ந்த தனிக் கொட்டகை போட்டார்கள். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பாட்டில் கழுவும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, என்னை முழு நேரமும் உப்புத் தண்ணீருக்கென்று வைத்தார்கள். வாந்திபேதி ஒருவனைக் கொல்வது தண்ணீரையும் உப்பையும் அவன் உடம்பிலிருந்து கொட்டிக் கவிழ்த்துத்தான். இரத்தம் பாகுபோல் கெட்டியாகிவிடும். கை நாடி நின்றுவிடும். அப்போது வாயால் கொடுக்கும் தண்ணீர் தங்காது. துரை டாக்டர் நோயாளியின் கையில் நரம்பைத் திறந்து, குழாய் வைத்து, நான் கலந்த தண்ணீரை நேராக இரத்தத்தில் விடுவார். செத்தவன்போலக் கிடந்தவன் அரை மணியில் கண் திறந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே தை மாதத்தில் எனக்கு ஒரு வேண்டுதல் இருந்தது. என் மனைவிக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு தரம் தங்கவில்லை. பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டு, வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டியிருந்தேன். காப்புக் கட்டினால் பூசம் முடியும்வரை உப்பு நாக்கில் படக் கூடாது. ஒரு வேளைச் சோறு, அதுவும் உப்பில்லாமல். தினமும் காலையில் குளித்ததும் மனைவி மஞ்சளை உரைத்து நூலின் மேல் புதிதாகப் பூசிவிடுவாள்.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும்.

காப்புக் கட்டி நாலாம் நாள். பழைய உப்பு ஜாடியை நம்பி மூன்று நாள் ருசி பார்க்காமல் ஓட்டியிருந்தேன்; அது முந்தின நாளோடு காலி. ஸ்டோரிலிருந்து வந்த இரண்டு பொட்டலங்கள் அலமாரியில் இருந்தன. ஒரே பழுப்புக் காகிதம், ஒரே சணல். லேபிள் இரண்டிலும் இல்லை. ஒன்று உப்பு. மற்றது பாட்டில் கழுவும் சோடா, வெயிலில் பூத்துப்போய்த் தூளாகிவிட்டது. வேறு நாளாக இருந்தால் நகத்து நுனியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்திருப்பேன், ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அன்று என் நாக்குக்குப் பூட்டு. பக்கத்தில் டிரஸ்ஸர் இருந்தார். "கொஞ்சம் ருசி பாருங்கள்" என்று அவரிடம் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார். விரதம் என்று சொல்ல வேண்டும். அவர் வேண்டுதல்களைக் கேலி செய்கிறவர். பத்துப் பேர் முன்னால் கேலி செய்வார். வெட்கப்பட்டேன். இரண்டையும் பிரித்துக் கண்ணால் பார்த்தே முடிவு செய்தேன். இதுதான் உப்பு என்று ஒரு பொட்டலத்தை ஜாடியில் கொட்டினேன்.

எடை போட்டேன், கரைத்தேன், காய்ச்சினேன், பாட்டிலில் அடைத்தேன். புதுப் பொட்டலத்திலிருந்து ருசி பார்க்காமல் நான் அடைத்த முதல் பாட்டில் அது.

அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போகும்போது வாசல் மரத்தடியில் ஒரு பெண் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நானாவின் மனைவி. எனக்கு அப்போதுதான் தெரிந்தது, உள்ளே கிடப்பது யார் என்று.

"தம்பி, விடியிறதுக்குள்ள பத்துப் பதினஞ்சு தடவ போயிருச்சு. இப்ப பேச்சே இல்ல. நீங்கதான் அந்தத் தண்ணி கலக்குறீங்களாம். அவுக உங்களத்தான் ஓயாம கேலி பண்ணுவாக. அத மனசுல வச்சுக்காதீங்க தம்பி. நல்லபடியா கலந்திருக்கீங்கல்ல?"

நான் தலையாட்டினேன். மாடுகூட ம்மா என்னும் என்று நானா சொன்னது நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்து, "கலந்திருக்கேன்" என்றேன்.

உள்ளே நானா கிடந்தார். கண்கள் குழிக்குள் போய், கன்னம் ஒட்டி, விரல்கள் ரொம்ப நேரம் துணி துவைத்த கைபோலச் சுருங்கியிருந்தன. டிரஸ்ஸர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு மடிப்பாகவே நின்றது. என்னைப் பார்த்து நானா உதட்டை அசைத்தார். என்னை ஊமை என்றவருக்குக் குரலே வரவில்லை.

துரை டாக்டர் குனிந்து முழங்கை மடிப்பில் கத்தி வைத்தார். என் வேலை பாட்டிலை உயரப் பிடித்துக்கொள்வதும், குழாயில் இருக்கும் காற்றை முதலில் வெளியேற்றுவதும். காற்றுக் குமிழி நரம்புக்குள் போகக் கூடாது. கிளிப்பைத் தளர்த்தினேன். தண்ணீர் குழாயில் ஓடி நுனியில் சிந்தியது. சிந்தியதில் கொஞ்சம் என் மணிக்கட்டில் விழுந்து நூலை நனைத்தது.

நூல் சிவந்தது.

முதலில் இரத்தம் என்று நினைத்தேன். துடைத்தேன். இரத்தம் இல்லை. மஞ்சள் இருந்த இடமெல்லாம் செங்கல் சிவப்பு. நனையாத பக்கம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

இந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். தமிழர் வீட்டில் பிறந்த யாருக்கும் தெரியும். கல்யாணத்தில் ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரை வைத்து அதில் துளி சுண்ணாம்பைக் கலக்கும்போது வரும் சிவப்பு. உப்புப் போட்டால் அது வராது. எந்த வீட்டிலும் குழம்பில் மஞ்சளும் போடுகிறோம், உப்பும் போடுகிறோம். எந்தக் குழம்பும் சிவந்ததில்லை. சுண்ணாம்புப் பக்கத்துப் பொருளாக இருந்தால்தான் மஞ்சள் சிவக்கும். நாலு நாளாக நான் சோடாத் தொட்டியில் கை வைக்கவில்லை. காலையில்தான் மஞ்சள் பூசியது. அப்படியானால் இந்தச் சிவப்பு வந்த இடம் ஒன்றுதான். என் கையில் தூக்கிப் பிடித்திருக்கும் பாட்டில். விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தேன். சவுக்காரம்போல வழுக்கியது.

இதையெல்லாம் எழுத இவ்வளவு நேரமாகிறது. அப்போது ஒரு மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. டாக்டர் நரம்பைத் தூக்கிவிட்டார். குழாய் நுனிக்காக என் பக்கம் கையை நீட்டினார்.

கண்ணெதிரே மயிரிழையில் நிற்கிற இரத்தம். அதில் பாட்டில் கழுவும் சோடா போகப்போகிறது. சொல்ல வேண்டியது எனக்குத் தெரியும், வார்த்தை வரவில்லை. கைதான் முதலில் வேலை செய்தது. ரப்பர் குழாயை இரண்டாக மடித்து முஷ்டியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"ஆப்பா இனி?" என்று டாக்டர் மலாயில் சீறினார். என்ன இது என்று அர்த்தம்.

அப்போது வந்தது குரல். எனக்குச் சொந்தமில்லாத குரல்போல அந்தக் கொட்டகை முழுதும் கேட்டது.

"ஜாங்ஙான், துவான்! ஜாங்ஙான்!"

வேண்டாம் ஐயா, வேண்டாம் என்றேன். வரிசையில் கிடந்த நோயாளிகள்கூடத் தலையைத் திருப்பினார்கள்.

"விசரே காணும் உமக்கு? குழாயை விடும்!" என்று டிரஸ்ஸர் என் கையைப் பிடித்தார்.

"இது உப்பு இல்லீங்க. சோடா. மாத்திப் போட்டுட்டேன். நான்தான் போட்டேன். நூலப் பாருங்க."

"நூலோ? என்ன நூல்?"

மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினேன். பாதி மஞ்சள், பாதி சிவப்பு. டிரஸ்ஸர் நூலைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். அவரும் ஆரத்தி பார்த்து வளர்ந்தவர்தானே. முகம் வெளுத்துப்போய் டாக்டரிடம் இங்கிலீஷில் வேகமாகச் சொன்னார். டாக்டர் நம்பவில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புக் காகிதத் துண்டை எடுத்து வரச் சொன்னார். லிட்மஸ் காகிதம் என்பார்கள். என் குழாயிலிருந்து ஒரு சொட்டு. காகிதம் நீலமாகியது, நீலத்துணியிலிருந்து கிழித்ததுபோல.

டாக்டர் நரம்பின் மேல் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சப்பாட்!" என்றார். சீக்கிரம் என்று அர்த்தம்.

ஓடினேன். அடுப்பில் காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். மற்றப் பொட்டலத்தை எடுத்து எடை போட்டுக் கரைத்தேன். டிரஸ்ஸரும் பின்னால் ஓடி வந்தார். அவர் நனைத்த லிட்மஸ் காகிதம் நிறம் மாறவில்லை. "சரி காணும், காய்ச்சும்" என்றார். நான் நகரவில்லை. காகிதம் இது சோடா இல்லை என்றுதான் சொன்னது. இதுதான் உப்பு, இவ்வளவுதான் உப்பு என்று சொல்லவில்லை. அது என் நாக்குக்கு மட்டும்தான் தெரியும்.

காப்பு மணிக்கட்டில் இருக்கும்போதே அந்தக் கையின் புறத்தில் ஒரு சொட்டை விட்டு நாக்கில் வைத்தேன். வயிற்றில் இருக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டுதான் வைத்தேன். நாலு நாள் உப்பில்லாத நாக்கு. அந்த ஒரு சொட்டு வாய் முழுக்கப் பரவியது. கண்ணீரைவிட ஒரு படி கூடுதல். சரியான கரிப்பு.

"இது உப்பு," என்றேன். டிரஸ்ஸர் அன்றைக்கு ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் இறங்க இறங்க டாக்டர் நானாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தார். பாட்டிலைத் தூக்கிப் பிடித்த என் கை மரத்துப்போனது. வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கவில்லை. பாட்டில் பாதிக்கு மேல் இறங்கியபோது டாக்டர் டிரஸ்ஸரைப் பார்த்துத் தலையசைத்தார். நாடி வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நானாவின் உதட்டில் நிறம் வந்தது. கண் என்னைத் தேடியது. குரல் காற்றுபோல வந்தது, ஆனால் வந்தது.

"ஊமைத்தம்பி... கத்துனது நீயா?"

தலையாட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லுலா."

"நான்தான் நானா," என்றேன்.

அன்றும் மறுநாளும் அவருக்கு இன்னும் மூன்று பாட்டில்கள் ஏற்றினார்கள். மூன்றையும் நாக்கில் வைத்துத்தான் அனுப்பினேன்.

மாலையில் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பையும் சொன்னேன், விரதம் முறிந்ததையும் சொன்னேன். அவள் சிவந்த நூலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஒரு உசிருக்காகத்தானே நாக்குல பட்டுச்சு? முருகன் என்ன கணக்கப்பிள்ளையா, துளித்துளியா எண்ணிக்கிட்டு இருக்க?" என்றாள். மஞ்சளை உரைத்து நூலின் மேல் மறுபடி பூசிவிட்டாள். பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். சித்திரையில் பெண் பிறந்தாள்.

கொட்டகையில் நடந்ததற்கு மறுநாள் டாக்டர் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். என் தப்புக்காகத் திட்டினார். டிரஸ்ஸர் அதை அப்படியே தமிழில் சொன்னார், ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்ததும் டாக்டர் ஒரு தட்டில் மஞ்சள்தூளை வைத்து, செய்து காட்டு என்று சைகை செய்தார். எனக்குப் பயம் போய்விட்டது. வெள்ளைத்தாளை மஞ்சள் கரைசலில் தோய்த்து ஜன்னல் வெயிலில் காயவைத்துத் துண்டுகளாகக் கத்தரித்தேன். ஒன்றில் உப்புத் தண்ணீர், மஞ்சளாகவே இருந்தது. ஒன்றில் சோடா, சிவந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு, சிவந்தது. சவுக்காரம், சிவந்தது. சிவந்த தாளின் மேல் எலுமிச்சை பிழிந்தேன், மறுபடி மஞ்சளானது. டாக்டர் சிரித்துவிட்டார். தானும் ஒரு துண்டை எடுத்துத் தன் எச்சிலைத் தொட்டுப் பார்த்தார். சின்னப்பிள்ளைபோல இருந்தார்.

அன்றிலிருந்து கலவை அறையில் ஒவ்வொரு பாட்டிலும் அடைக்கும் முன் ஒரு மஞ்சள் தாள் நனைக்க வேண்டும் என்று விதியாகியது. தாள் செய்வது என் பொறுப்பு. லிட்மஸ் காகிதம் கப்பலில் வரத் தாமதமாகும். என் தாள் தாமதமானதே இல்லை. உப்பு ஜாடிக்கு லேபிள் ஒட்டாமல், கண்ணாடியிலேயே சிவப்பு வர்ணத்தில் எழுதவைத்தார்கள். டிரஸ்ஸர் பாடம் நடத்தும்போது ஒரு நாள் பலகைச் சுவரைத் தட்டினார்.

"அங்க நிண்டு ஒளிச்சுக் கேக்கிறது போதும் காணும். இஞ்சால வந்து உம்மட தாளை இவங்களுக்குக் காட்டும்."

இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. போனேன். வாயால் விளக்கவில்லை. கையால் செய்து காட்டினேன். நாலாம் வகுப்புப் படித்தவன் செய்வதை ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் படித்தவர்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்த நாளை நினைத்தால் இன்றும் என் முதுகு நிமிர்கிறது.

நானா தேறி மறுபடி தோளில் மூங்கில் ஏற ஒரு மாதத்துக்கு மேலாகியது. ஒரு நாள் மத்தியானம் வியாபாரம் முடிந்ததும், அவருடைய வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் வாங்கித் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்தேன். மேலே நின்ற தெளிவை ஒரு கிளாசில் ஊற்றி, பப்பாளித் தண்டைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னேன்.

"என்னாத்துக்கு? மந்திரமா?"

"ஊதுங்க நானா."

ஊதினார். தெளிவு கலங்கி, கஞ்சித் தண்ணீர்போல வெள்ளையாகியது. கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஏலா, என் மூச்சுல பாலா வருது?"

"பால் இல்ல நானா. நம்ம சாப்புடுற சோறு உள்ள எரியுது. அடுப்புல விறகு எரிஞ்சா புகை வருதுல்ல, அந்த மாதிரி ஒரு காத்து வரும். கண்ணுக்குத் தெரியாது. சுண்ணாம்புக்கு மட்டும் தெரியும். உசிரு இருக்கிற வரைக்கும் இது வெளுக்கும்."

இவ்வளவு நீளமாக நான் பேசியதை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. கிளாசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு தரம் ஊதினார். பிறகு யாரிடமும் காட்டாமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அப்ப என் சோறுதான்லா உங்க எல்லாருக்குள்ளயும் எரியுது," என்று சத்தமாகச் சிரித்தார்.

இப்போது அவருக்குச் சொந்தக் கடை இருக்கிறது. வயது அறுபதுக்கு மேல். இந்த வருடப் பூசத்தன்று தண்ணீர்மலை போகிற வழியில் கடைக்கு முன் நின்றேன். எனக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கூடியிருந்தவர்களிடம் என் கையைத் தூக்கிப் பிடித்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அல்லா எனக்கு உசிரக் குடுத்தான். உங்க முருகன் இவரு கையில நூலச் செவக்க வச்சான். இந்த ஊமைத்தம்பி வாயத் தொறந்தான். மூணுல எது பெரிய அதிசயம்னு நீங்களே சொல்லுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். ஓர் அம்மாள் என் மணிக்கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அப்படி இல்லை, உப்பு என்று சோடாவைக் கொட்டியவனும் நானே, சுவைத்துப் பார்க்கச் சொல்ல வெட்கப்பட்டவனும் நானே, நூலைச் சிவக்கவைத்தது அந்தச் சோடாதான் என்று சொல்ல வாயெடுத்தேன். நாலு பேருக்கு மேல் இருந்தார்கள். நாக்கு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் அவள் பள்ளிக்கூட நோட்டில் எழுதாமல் கிடந்த தாள்களைக் கேட்டு வாங்கினேன்.

அதிசயம் என்று சொல்லிவிட்டால் அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லாமல் போகிறது. நான் தப்புச் செய்தேன். செய்த தப்பை என் கண்ணால் கண்டேன், ஏன் என்று எனக்கே புரிந்தது, நேரத்தில் சொன்னேன். இதில் எதையும் முருகனுக்கோ துரைக்கோ விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

இந்த வருடக் காப்பை இன்று காலை அவிழ்த்தேன். அவிழ்ப்பதற்கு முன் வழக்கம்போல விரலில் துளி சோடாத் தண்ணீர் தொட்டு நூலில் வைத்தேன். பதினேழு வருடமாக ஒவ்வொரு பூசத்துக்கும் செய்கிறேன். பக்கத்தில் நின்று மகளும் பார்த்தாள். சிவந்தது.

பினாங்கு
தாது வருடம் தை மாதம், வியாழக்கிழமை
28-1-1937